வெயிலும் வளையும்: காட்டு மலைப்பாம்புகளின் உடல்வெப்ப ஒழுங்கு

கேள்வி

ராஜஸ்தானின் பரத்பூரை ஒட்டிய கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள், பறவைகளுக்கு அடுத்தபடியாகப் பார்க்க விரும்புவது மலைப்பாம்பை. வழிகாட்டிகள் அதற்கென்றே சில மேட்டுநிலங்களைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். மூடுபனி விலகிய பிறகு, முள்ளம்பன்றி தோண்டிய வளையின் வாயருகே ஒன்றோ இரண்டோ பாம்புகள் வெளியே வந்து கிடக்கும். பார்ப்பவருக்குத் தோன்றும் விளக்கம் எளிது. குளிர்ந்துபோன பாம்பு வெயில் காய்கிறது. உடல் சூடேறியதும் உள்ளே போய்விடுகிறது.

இந்த விளக்கத்தில் பிழை இல்லை. ஆனால் அது கண்ணில் படும் நேரத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மலைப்பாம்பு தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மறைந்தே கழிக்கும் விலங்கு. அந்த மறைவு நேரங்களில் அதன் உடல் என்ன வெப்பத்தில் இருக்கிறது, அந்த வெப்பத்தை அது தேர்ந்துகொண்டதா அல்லது வாய்த்ததை ஏற்றுக்கொண்டதா என்பதெல்லாம் தொலைநோக்கியோடு நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. வெயில் காய்தலை மலைப்பாம்பின் வெப்ப ஒழுங்கு என்றே கொண்டுவிடலாமா என்பதுதான் இங்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி. நான்கு கண்டங்களிலிருந்து கிடைத்துள்ள சான்றுகளை வைத்துப் பார்க்கும்போது, வெயில் காய்தலைத் தனித்த ஒரு நடத்தையாகப் பிரித்து மதிப்பிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. திரும்பிப் போக ஏற்ற மறைவிடம் அருகில் இருக்கும்போதுதான் அது பயன் தருகிறது. மறைவிடம் இல்லாத இடத்தில் அதே பழக்கம் பாம்பைக் கொன்றும் இருக்கிறது.

பல்லிகளிடமிருந்து தொடங்கிய துறை

ஊர்வன வெறுமனே சூழலின் வெப்பத்தை ஏற்றுக் கிடப்பவை என்ற பழைய எண்ணத்தைக் குலைத்தது, 1944இல் ரேமண்ட் கௌல்ஸும் சார்ல்ஸ் போகர்ட்டும் வெளியிட்ட பாலைவன ஊர்வன பற்றிய ஆய்வு. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே ஓடியோடி ஒரு பல்லி தன் உடல்வெப்பத்தைக் குறுகிய எல்லைக்குள் நிறுத்திக்கொள்ள முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இத்துறையின் முன்மாதிரி விலங்காகப் பகலில் திரியும் சிறு பல்லியே இருந்தது. அதைப் பிடிப்பது எளிது, வெப்பமானியை வைப்பதும் எளிது. வசதியாகக் கிடைத்த விலங்கைக் கொண்டு ஒரு முழு வகுப்புக்கும் விதி எழுதியதன் விளைவுகளை இன்றும் பார்க்கிறோம்.

1976இல் ரேமண்ட் ஹியூயியும் மான்ட்கோமரி ஸ்லாட்கினும் கேள்வியையே மாற்றினார்கள். வெயில் காய்வதற்குச் செலவு உண்டு. நேரம் போகிறது, எதிரியின் கண்ணில் பட நேர்கிறது, இரை தேடும் வாய்ப்பு குறைகிறது. வரவு செலவை மிஞ்சாத இடத்தில் ஒரு விலங்கு வெப்ப ஒழுங்கையே கைவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது அவர்கள் வாதம். 1993இல் பால் ஹெர்ட்ஸ், ஹியூயி, ஸ்டீவன்சன் ஆகியோர் இதை அளக்கும் முறை ஒன்றை முன்வைத்தார்கள். விலங்கின் உண்மையான உடல்வெப்பம், ஆய்வகத்தில் அது விரும்பித் தேரும் வெப்பம், அந்த நிலத்தில் கிடைக்கக்கூடிய வெப்பங்கள் ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றாவதை அறிய, விலங்கின் வடிவிலும் நிறத்திலும் செய்த உள்ளீடற்ற உலோக மாதிரிகளைக் காட்டில் அங்கங்கே வைத்து அளப்பார்கள். மாதிரிகள் காட்டும் வெப்பமும் விலங்கின் வெப்பமும் ஒன்றாகவே இருந்தால், அந்த விலங்கு எதையும் ஒழுங்குபடுத்தவில்லை என்று பொருள்.

பல்லிக்கு நன்றாகப் பொருந்தும் இம்முறை மலைப்பாம்புக்கு வரும்போது தடுமாறுகிறது. உள்ளீடற்ற அந்த உலோக மாதிரிக்குக் கனமில்லை. வெயில் பட்டதும் சூடாகி, மேகம் மறைத்ததும் ஆறிவிடும். பல கிலோ எடையுள்ள தசையும் கொழுப்பும் அப்படி நடந்துகொள்வதில்லை.

பருமனும் சுருளும்

மலைப்பாம்பின் வெப்பக் கணக்கில் முதலில் வருவது அதன் பருமன். உடல் பெருகப் பெருக, எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு சுருங்குகிறது. எனவே பெரிய பாம்பு மெல்லச் சூடேறி, மெல்ல ஆறும். இதற்கு மேல் பாம்பின் கையில் இன்னொரு கருவி இருக்கிறது. நீட்டிக் கிடந்தால் வெயில் படும் பரப்பு மிகுதி. இறுகச் சுருண்டால் வெளிக்காற்றுக்குத் தெரியும் பரப்பு பல மடங்கு குறைந்துவிடும். ஒரே உடலைச் சூடேற்றும்போது ஒரு வடிவிலும் காத்துவைக்கும்போது வேறு வடிவிலும் வைத்துக்கொள்ள நான்கு கால் விலங்குகளால் இந்த அளவுக்கு முடியாது. இதோடு, சூடேறும்போது தோலுக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டி, ஆறும்போது குறைக்கும் திறன் ஊர்வனவற்றில் பரவலாக உண்டு.

சிட்னி நகரை ஒட்டிய காடுகளில் வைர மலைப்பாம்புகளின் உடலுக்குள் வெப்பம் காட்டும் ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களைப் பொருத்தி டேவிட் ஸ்லிப்பும் ரிச்சர்ட் ஷைனும் 1980களில் செய்த ஆய்வு, இதைக் களத்தில் காட்டிய முதன்மையான பணி. அங்கே பாம்பு காலையில் வெயில் காயும். உடல் முப்பது டிகிரி செல்சியஸை ஒட்டி வந்ததும் நிழலுக்கு நகர்ந்து இறுகச் சுருண்டுகொள்ளும். பிறகு அந்த வெப்பம் மணிக்கணக்கில் மெல்ல வடியும். ஆக, வெயில் காய்வது நாளின் ஒரு சிறு பகுதி; மீதி நேரமெல்லாம் சேர்த்ததைக் காக்கும் வேலை. நடந்துபோகிறவர் கண்ணில் படுவது முன்னது மட்டுமே.

பரத்பூரின் வளைகள்

இந்தியாவில் இக்கேள்விக்குச் சான்று தரும் முதன்மையான இடம் கேவலாதேவ். சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சதுப்புநிலத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980களில் நடத்திய நீண்டகாலச் சூழலியல் திட்டத்தின் பகுதியாக, சு. பூபதியும் வி. எஸ். விஜயனும் மலைப்பாம்புகளை ஆராய்ந்து 1989இல் அக்கழகத்தின் இதழில் எழுதினார்கள். பின்னர் கோயம்புத்தூர் சாலிம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றிய பூபதி, 2014இல் களப்பணியின்போது நேர்ந்த விபத்தால் மறைந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு தவளைக்கும் ஒரு கேடயவால் பாம்புக்கும் இன்று அவர் பெயர் இருக்கிறது. கேவலாதேவ் மலைப்பாம்புகளைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் அவர் போட்ட தடத்தில் சென்றவை.

பரத்பூரின் தட்பவெப்பம் இரு முனைகளில் கடுமையானது. ஜனவரி இரவுகளில் வெப்பம் ஐந்து டிகிரிக்குக் கீழே போகும். மே, ஜூன் பகல்களில் 45ஐத் தொடும். குளிர்காலத்தில் மலைப்பாம்புகள் மேட்டுநில வளைகளில் கூடுகின்றன. ஒரே வளையில் பல பாம்புகள் இருக்கும். பகலில் வாயிலருகே கிடந்துவிட்டு மாலைக்குள் உள்ளே திரும்புகின்றன. வெயில் ஏறும் மாதங்களில் அவை கலைந்து பரவி, இரவு விலங்குகளாக மாறிவிடுகின்றன. வளைகளைத் தோண்டுவது பெரும்பாலும் முள்ளம்பன்றி. மலைப்பாம்பு முள்ளம்பன்றியையும் விழுங்கும் என்பதற்குப் பல இடங்களிலிருந்து பதிவுகள் இருக்க, இரண்டும் ஒரே வளையைப் பகிர்ந்துகொள்வது தனிக் கட்டுரைக்குரிய விசித்திரம்.

அவை ஏன் வெயில் காய்கின்றன என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் செரிமானம். மலைப்பாம்பைப் பொறுத்தவரை இது கனமான காரணம்தான். பெரிய இரையை விழுங்கிய பர்மிய மலைப்பாம்பின் வளர்சிதை மாற்ற வேகம் ஓய்வுநிலையைப் போல நாற்பது மடங்குக்கு மேல் உயரக்கூடும் என்று ஸ்டீபன் சீகரும் ஜாரெட் டயமண்டும் 1990களில் காட்டினார்கள். அந்த வேலை நடக்க உடல் சூடாக இருக்க வேண்டும். குளிரில் செரிக்காத இரை வயிற்றிலேயே அழுகும்; பாம்பு அதைக் கக்க நேரிடும்.

ஆனால் பரத்பூரின் குளிர்காலக் காட்சியை முழுதும் செரிமானத்தின் கணக்கில் எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பெரிதாக இரை எடுத்ததற்கான அறிகுறி எதுவும் இல்லாத பாம்புகளும் நாள்தோறும் வெளியே வருகின்றன. குளிர்காலமே அவற்றின் இணைசேரும் காலமும்கூட, முட்டையிடுவது கோடையில். இடைப்பட்ட மாதங்களில் பெண் பாம்பின் உடலுக்குள் முட்டைகள் உருவாகி வளர்கின்றன. சிட்னி ஆய்விலும் இனப்பெருக்க நிலையில் இருந்த பெண்களே மற்றவற்றைவிட உயர்ந்த, நிலையான வெப்பத்தை நாடின. ஆகவே வளைவாயில் கிடக்கும் பாம்புகளில் பெண் எது, ஆண் எது, எது எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று பிரிக்காமல், 'மலைப்பாம்பு வெயில் காய்கிறது' என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வது பல காரணங்களை ஒரே பெயருக்குள் அடைத்துவிடுகிறது.

வளையின் பங்கும் இங்கே மறைந்துபோகிறது. மண்ணுக்குள் ஆழம் போகப் போக நாளின் ஏற்ற இறக்கம் தேய்ந்து, வெப்பம் ஒரு சராசரியில் நிலைக்கும். அதனால் வெளியே உறைநிலையை நெருங்கும் இரவில் வளைக்குள் கிடக்கும் பாம்பு, பகலில் சேர்த்த வெப்பத்தை மெதுவாகவே இழக்கிறது. மறுநாள் அது தொடங்க வேண்டிய இடம் அவ்வளவு தாழ்ந்ததாக இருக்காது. கலிபோர்னியாவின் கார்ட்டர் பாம்புகளை ஆராய்ந்து 1989இல் ஹியூயியும் உடன் பணியாற்றியோரும் கண்டதும் இதை ஒட்டியதே. மெல்லிய கல்லின் அடி பகலில் கொதிக்கிறது, இரவில் குளிர்ந்துவிடுகிறது. மிகத் தடித்த கல்லின் அடி எப்போதும் குளுமை. பாம்புகள் நடுத்தரத் தடிமனுள்ள கற்களையே நாடின. தம் நேரத்தில் மிகப் பெரும்பங்கை அவை அங்கேதான் கழித்தன. சரியான கல்லைத் தேர்ந்துவிட்டால் அதன் பிறகு அசைய வேண்டிய தேவையே குறைவு.

வெயில் வேண்டாத மலைப்பாம்பு

வடக்கு ஆஸ்திரேலியாவில் டார்வின் நகருக்குத் தென்கிழக்கே இருக்கும் ஃபாக் அணைக்கட்டின் நீர் மலைப்பாம்புகள் இக்கதையை வேறு திசைக்குத் திருப்புகின்றன. அங்கே ஆண்டு முழுதும் வெம்மை. ஷைனும் தாமஸ் மேட்சனும் 1996இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, பெரும்பாலான ஊர்வனவற்றுக்கு வெப்ப ஒழுங்கு முக்கியமில்லையோ என்று கேட்டது. எங்கே போய்க் கிடந்தாலும் உடலுக்கு ஏற்ற வெப்பம் கிடைக்கும் நிலத்தில், இரவில் எலி வேட்டையாடும் பாம்பு வெயிலைத் தேட வேண்டியதில்லை. அதிக வெப்பத்திலிருந்து ஒதுங்கினால் போதும். உலகின் ஊர்வன இனங்களில் பெரும்பாலானவை வாழ்வது வெப்பமண்டலத்தில். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் வாழ்ந்ததோ குளிர்நாடுகளில். அதனால்தான் விதிவிலக்கு விதியாகிவிட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டை நான் பெருமளவு ஏற்கிறேன். ஆனாலும் அதை அப்படியே நீட்டித்து, வெப்பமண்டலப் பாம்புக்கு வெப்பம் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல முடியாது. அதற்கான மறுப்பும் அதே ஃபாக் அணைக்கட்டிலிருந்தே வருகிறது. அங்கே சில பெண் பாம்புகள் உடும்பு தோண்டிய வளைகளில் முட்டையிட்டன. சில, மரவேர்களுக்கு இடையிலுள்ள பொந்துகளில் இட்டன. உடும்பு வளை வெம்மையானது, ஏற்ற இறக்கம் குறைந்தது. அங்கே இட்ட தாய்கள் பல, விரைவிலேயே முட்டைகளை விட்டு விலகி இரை தேடப் போயின. வேர்ப்பொந்து குளுமையானது. அங்கே இட்டவை அடைகாத்துக் கிடந்தன. அத்தனை வாரங்களும் பட்டினி. தானாக வெப்பம் கிடைக்கும் நாட்டில்கூட ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள சில டிகிரி வேறுபாடு தாயின் உடல்நிலையைத் தீர்மானிக்கிறது. வெயில் காய்தல் அங்கே இல்லைதான், இடத்தேர்வு இருக்கிறது.

அடைகாக்கும் தாய்

மலைப்பாம்பின் வெப்ப ஆய்வில் மிகப் பழைய சர்ச்சை, தாய் தன் முட்டைகளைச் சூடேற்றுகிறதா என்பதுதான். 1830களில் லமார் பிக்கோ என்ற பிரெஞ்சு இயற்கையாளர், வங்காளத்தில் மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு சூடேற்றுவதைக் கண்டதாகப் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அறிவித்தபோது, அங்கிருந்த அறிஞர்கள் நம்ப மறுத்தார்கள். 1841இல் பாரிஸ் தாவரத் தோட்டத்து விலங்கு காட்சியகத்திலேயே ஒரு மலைப்பாம்பு அடைகாத்தது. அஷில் வாலென்சியென் வெப்பமானியால் அளந்து பார்த்தார். சுருளுக்குள் சூடு இருந்தது.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்பதற்குத் திட்டமான விடை 1966இல் கிடைத்தது. நியூயார்க் விலங்கியல் பூங்காவில் அடைகாத்த பெண் பாம்பொன்றை விக்டர் ஹட்சிசன், ஹெர்ன்டன் டௌலிங், ஆலன் வினெகர் ஆகியோர் ஆராய்ந்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். சூழல் வெப்பம் 33 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பாம்பின் உடல்தசைகள் விட்டுவிட்டுத் துடித்தன. ஆக்சிஜன் செலவு கூடியது, உடல் சூடேறியது. பாலூட்டிகள் குளிரில் நடுங்கிச் சூடேறுவதைப் போன்ற ஒரு வழியை ஓர் ஊர்வன விலங்கு கையாளுகிறது என்று அறுதியிட்டுக் காட்டிய ஆய்வு அது.

பாடநூல்களில் இந்தச் செய்தி 'இந்திய மலைப்பாம்பு தசை நடுக்கத்தால் முட்டைகளைச் சூடேற்றுகிறது' என்று இடம்பெறுவது வழக்கம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அன்று இந்திய மலைப்பாம்பின் கிளையினமாகக் கருதப்பட்ட பர்மிய மலைப்பாம்பே அந்த ஆய்வில் இருந்தது. இன்று அது தனி இனம். அது ஒருபுறம் இருக்க, 33 டிகிரி என்ற எல்லையைப் பரத்பூரின் ஜூன் மாதத்தோடு வைத்துப் பாருங்கள். அங்கே வெளியில் கிடக்கும் முட்டைக்கு வரும் ஆபத்து குளிரால் அன்று. கடும் வெயிலிலிருந்தும் வறட்சியிலிருந்தும் முட்டைகளைக் காப்பதே தாய்ச் சுருளின் முதல் வேலையாக இருக்கக்கூடும். விலங்குகாட்சியகத்தில் மெய்ப்பிக்கப்பட்ட ஒரு திறனை, அதற்குத் தேவையே எழாத நிலத்தின் அன்றாட நடத்தையாக எழுதிவிடக் கூடாது.

காட்டில் அந்தத் திறன் உண்மையில் பயன்படும் இடம் சிட்னி. அங்கே குளுமையான சூழலில், சருகால் மூடிய கூட்டில், வைர மலைப்பாம்புத் தாய்கள் நடுங்கியே உடலை 31 டிகிரியை ஒட்டி வைத்திருந்ததை ஸ்லிப்பும் ஷைனும் 1988இல் பதிவுசெய்தார்கள்.

தென்னாப்பிரிக்க மலைப்பாம்பு இன்னொரு வழியைக் கண்டிருக்கிறது. என் பார்வையில் இக்கட்டுரையின் கேள்விக்கு மிக நெருக்கமான சான்று அதுவே. விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் அலெக்சாண்டர், டினோகெங் காப்பகத்தில் 37 பாம்புகளை ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார். இந்தத் தாய்கள் நடுங்குவதில்லை. ஆர்ட்வார்க் என்னும் எறும்புண்ணி விலங்கு தோண்டிய வளைக்குள் முட்டையிட்டு, பகலில் வாயிலுக்கு வந்து வெயில் காய்கின்றன. உடல்வெப்பம் 40 டிகிரியை நெருங்கும் வரை கிடக்கின்றன. உயிருக்கே ஆபத்தான எல்லை அங்கிருந்து சில டிகிரிதான். பிறகு உள்ளே போய் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு அந்தச் சூட்டை அவற்றுக்கு மாற்றுகின்றன. இனப்பெருக்கக் காலத்தில் பெண்ணின் தோல் ஏறக்குறையக் கருத்துவிடுகிறது. வெயிலை விரைந்து உறிஞ்ச அது உதவும் என்பது அலெக்சாண்டரின் விளக்கம். குஞ்சு பொரிந்த பின்னும் ஏறத்தாழ இரண்டு வாரம் தாய் உடனிருக்கிறது. இரவில் குஞ்சுகள் அதன் சுருளுக்குள் வந்து படுக்கின்றன. இத்தனைக்கும் சுமார் ஆறு மாதப் பட்டினி, உடல் எடையில் நாற்பது விழுக்காடு அளவுக்கு இழப்பு.

இங்கே வெயில் காயும் உடலும் அந்த வெப்பத்தால் பயன்பெறும் உடலும் வெவ்வேறு. வெயில் மேலே, முட்டை கீழே. இரண்டையும் இணைப்பது பாம்பு. வளை இல்லாவிட்டால் கொண்டுபோன சூடு நிற்காது. வெயில் இல்லாவிட்டால் கொண்டுபோக எதுவும் இல்லை.

ஃபுளோரிடா, ஜனவரி 2010

வளர்ப்புப் பிராணி வணிகத்தின் வழியே தென்கிழக்காசியாவிலிருந்து வந்து எவர்கிளேட்ஸ் சதுப்பில் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள், தெரியாமல் நடந்த ஒரு பெரிய சோதனைக்கு உள்ளாயின. அவை அமெரிக்காவில் எவ்வளவு தூரம் வடக்கே பரவும் என்பதில் அதற்கு முன்பே சண்டை இருந்தது. கோர்டன் ரோடாவும் உடன் பணியாற்றியோரும் ஆசியத் தட்பவெப்பத்தோடு ஒப்பிட்டு, நாட்டின் தென்பகுதி பெரும்பாலும் ஏற்றதே என்றார்கள். அலெக்சாண்டர் பைரனும் இணையாளர்களும் 2008இல் வேறு கணிப்பு முறையால், தென் ஃபுளோரிடாவுக்கு அப்பால் அவற்றுக்கு இடம் மிகக் குறைவு என்றார்கள்.

2010 ஜனவரியில் வழக்கத்துக்கு மாறான குளிர் பல நாள் நீடித்தது. எவர்கிளேட்ஸில் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் பொருத்திய 10 பாம்புகளில் 9 செத்தன. வட ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் திறந்தவெளி அடைப்புகளில் வைத்திருந்த ஒன்பதில் ஏழு செத்தன, அல்லது மனிதர் தலையிட்டிராவிட்டால் செத்திருக்கும். தென் கரோலினாவுக்குக் கொண்டுசென்று அடைத்துவைத்த 10 பாம்புகளில் ஒன்றுகூட அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. எண்ணிக்கையைவிட அவை செத்த விதம் கவனத்துக்குரியது. குளிர் வந்தபோது சில பாம்புகள் மறைவிடத்தில் அடங்கிக் கிடக்காமல் வெளியே வந்து கிடந்தன; திரும்பாமல் அங்கேயே இரவைக் கழித்தவை விறைத்துச் செத்தன. வெயிலை நாடும் உந்துதல் இருந்தது. மங்கிய வெயில் பருத்த உடலைச் சூடேற்றப் போதவில்லை. ஓரளவுக்கு மேல் குளிர்ந்த தசை, திரும்பிப் போகும் அளவுக்கு இயங்கவும் இல்லை.

பரத்பூரின் மலைப்பாம்பு கடுங்குளிர் இரவுகளை ஆண்டுதோறும் கடக்கிறதே என்று கேட்கலாம். இரு விளக்கங்கள் உண்டு. ஒன்று மரபு. ஃபுளோரிடாவின் பாம்புகள் வெப்பமண்டல முன்னோரின் வழிவந்தவை. குளிரில் எப்போது அடங்க வேண்டும் என்ற நடத்தை அவற்றில் இயற்கைத் தேர்வுக்கு உள்ளாகியிருக்கவில்லை. 2010க்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு, பிழைத்தவற்றில் தேர்வின் தடயங்கள் தெரிவதாகக் கூறுவது இதற்குத் துணை. மற்றொன்று நிலம். எவர்கிளேட்ஸில் நீர் மட்டம் மேலே, சுண்ணாம்புப் பாறை கீழே. ஆழமான உலர்ந்த வளைக்கு வழியில்லை. ஆனால் கெய்ன்ஸ்வில் அடைப்புகளில் மறைவிடங்கள் அமைத்துக் கொடுத்தும் பாம்புகள் அவற்றை முறையாகப் பயன்படுத்தவில்லை. ஆகவே வளை இருந்தால் மட்டும் போதாது, அதற்குள் எப்போது திரும்புவது என்ற நடத்தையும் வேண்டும். பரத்பூரில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

இந்தியச் சூழலில்

இப்படிப் பார்த்தால் கேவலாதேவில் மலைப்பாம்பைக் காப்பதன் உள்ளடக்கமும் சற்று மாறுகிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை பாம்பைக் காக்கிறது. அது குடியிருக்கும் வளை, வளையைத் தோண்டும் முள்ளம்பன்றி, வளைவாயில் விழும் வெயில் ஆகியவை நில மேலாண்மையைச் சார்ந்தவை. பூங்காவில் சீமைக்கருவேலம் பரவியதையும் அதை அகற்ற மேற்கொண்ட முயற்சிகளையும் பறவைகளின் கோணத்திலிருந்தே பேசுகிறோம். முன்பு திறந்துகிடந்த மேட்டின் மீது விழும் நிழலும், வேரோடு பிடுங்கும்போது சரியும் வளைக்கூரையும் மலைப்பாம்பின் கணக்கில் எதிரெதிர் திசையில் வேலை செய்பவை. எந்த மேட்டில் எப்படி அகற்றுவது என்பதை வளைகளின் இருப்பைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கும். அதேபோல, கேமராவோடு நெருங்கும் கூட்டம் பாம்பை உள்ளே விரட்டும்போது, அது இழப்பது ஜனவரியின் குறுகிய பகலில் பயன்படும் சில மணி நேரங்களில் ஒரு பகுதியை.

தமிழ்நாட்டுக்கு வந்தால் பரத்பூர்ச் சித்திரம் அப்படியே பொருந்தாது. சத்தியமங்கலம், முதுமலைப் பகுதிகளின் மோயாறு பள்ளத்தாக்கில் அண்மை ஆண்டுகளில் இந்திய வன உயிரின நிறுவனத்தினர் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் பொருத்தி மலைப்பாம்புகளின் நடமாட்ட எல்லைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே குளிர் உறைநிலை வரை போவதில்லை. முட்புதரும் ஆற்றங்கரையும் பாறையிடுக்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஃபாக் அணைக்கட்டின் பாம்பைப் போல இந்தப் பாம்பும் இடத்தேர்வாலேயே பெரும்பாலான தேவையை முடித்துக்கொள்கிறதா, பெண் பாம்புகள் மட்டும் முட்டைக்கு முந்தைய மாதங்களில் வெயிலை நாடுகின்றனவா என்ற கேள்விகளை, உடல்வெப்பத்தையும் மறைவிட வெப்பத்தையும் ஒருசேரப் பதிவுசெய்தால் அங்கேயே தீர்த்துவிட முடியும். ஒரே இனத்தின் வடக்கு, தெற்குக் கூட்டங்களை இப்படி அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு, நாடு முழுதும் பரவியிருக்கும் இந்த இனத்தில் இந்திய ஆய்வாளர்களுக்குத்தான் இருக்கிறது.